நாடகத்துக்குள் புகுந்த விளக்குக் கடிதம்

மூன்று வருடத்துக்கு முன்பு, செப்டம்பர் மாதம், பெங்களூரு கண்டோன்மென்ட் பக்கம் எங்கள் மாதா கோயில் திருவிழாவின்போது நடந்தது இது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால், பங்கு மண்டபத்தின் வாசலைப் பார்த்து நான் தனியாகச் சிரித்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றித் தருவோம். டைப்ரைட்டரில் அடித்த தாளை வைத்தால் அது முதலில் வெறும் படமாக உள்ளே போகும். மென்பொருள் அந்தப் படத்தைப் பார்த்து, இது ‘க’, இது ‘கா’ என்று கண்டுபிடித்து எழுத்தாக்கும். அது தடுமாறுகிற இடங்களை நாங்கள் திருத்துவோம். பதினாறு வருடமாக இதே வேலை. இதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்குத்தான் அந்தத் திருவிழாவில் வேட்டு வைத்தார்கள். வைத்தது வேறு யாருமில்லை, நானேதான்.

என் ஆபீஸ் கேப் ஓட்டுகிறவர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர். கல்யாணத்துக்குப் பிறகு ஒக்கலிபுரத்துக்குக் குடி போய்விட்டாலும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இங்கேதான் வருவார். திங்கள் முதல் வெள்ளி வரை என்னை ‘மேடம்’ என்பார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பார்த்தால் ‘அக்கா’. நானும் காரில் ‘டிரைவர்’, கோயிலில் ‘தம்பி’ என்று மாற்றி மாற்றிக் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் குழப்பமே வந்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. திருவிழா நாடகத்தில் வசனம் பேச வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் நாடகத்தில் இருக்கிறார், ஒரு வார்த்தை பேசியதில்லை. ஈட்டி பிடித்து நிற்கிற சிப்பாய், கதவு திறந்துவிடுகிற காவலாளி, ஒரு வருடம் ஒட்டகத்தின் பின்னங்கால். காரணம், அவர் படித்ததெல்லாம் கன்னட மீடியம். தமிழ் பேசுவார், தமிழில் ஜெபம் சொல்லுவார், சில்க் போர்டு சிக்னலில் தமிழில் சண்டையும் போடுவார். படிக்க மட்டும் வராது. வசனத்தை ஒருவர் படித்துக் காட்டி இன்னொருவர் மனப்பாடம் செய்ய நேரமில்லை என்று, நாடகம் போடுகிற எங்கள் பாடற்குழு மாஸ்டர் அவரை ஒவ்வொரு வருடமும் ஓரத்திலேயே நிறுத்திவிடுவார்.

அந்த வருடம் மாஸ்டருக்கு ஒரு புதையல் கிடைத்தது. பங்கு அலுவலக பீரோவை ஒழிக்கும்போது, டைப் அடித்த பழைய நாடகம் ஒன்று கட்டாகக் கிடைத்தது. பல வருடங்களுக்கு முன் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண் எழுதி, தானே தமிழ் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுத்தது. என்ன காரணத்தாலோ மேடை ஏறவே இல்லை. அந்தப் பெண் இப்போது பேரன் பேத்தி எடுத்து ஓசூரில் இருக்கிறார். மாஸ்டர் போனில் பேசி, அனுமதி வாங்கி, ‘ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன்’ என்று சத்தியமே செய்து கொடுத்துவிட்டார். திருவிழாவுக்கு அவரையே சிறப்பு விருந்தினராக அழைப்பது என்றும் முடிவானது.

ஆனால் தாள்கள் பழுத்து, மை வெளிறி, ஜெராக்ஸ் எடுத்தால் ஒன்றுமே தெரியவில்லை. யாராவது உட்கார்ந்து கையால் எழுத வேண்டும் என்று மாஸ்டர் புலம்பிக்கொண்டிருந்தபோது, நம் டிரைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அக்கா, உங்க ஆபீஸ்ல பேப்பரைப் போட்டா எழுத்தா வருதுன்னு சொல்லுவீங்களே. அந்த எழுத்தைக் கன்னட எழுத்தா மாத்த முடியுமா? வார்த்தை தமிழே இருக்கட்டும், எழுத்து மட்டும் கன்னடம். அப்படிக் குடுத்தா நானே படிச்சுக்குவேன்க்கா.”

எனக்குச் சுரீர் என்றது. ஒரு பட்டனைத் தட்டினால் ஆகிற வேலை அது. அவர் ஓட்டுகிற வண்டியில் நாலு வருடமாக உட்கார்ந்து வருகிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. உடனே மாஸ்டரிடம் போய், எல்லாருக்கும் தமிழ்ப் பிரதி, இவருக்குக் கன்னட எழுத்துப் பிரதி, இரண்டும் என் பொறுப்பு என்றேன். கூடவே, பெரிய வேஷத்தை இவருக்குக் கொடுங்கள் என்றும் சொன்னேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி என்றார். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே முழு வசனமும் மனப்பாடமாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

“இந்த ஒரு தடவை சொதப்பினேன்னா, சத்தியமா இனிமே வேஷம் கேக்கமாட்டேன் மாஸ்டர்” என்றார் டிரைவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முகம் அப்படி இருந்தது.

மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை கட்டை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். என் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டினேன். தாள் ஓரங்களில் சிவப்புக் கோடு போட்டிருந்தது, அது எழுத்தோடு சேர்ந்து குழப்பும் என்று, சிவப்பு நிறத்தையே விட்டுவிடும்படி வைத்தேன். மை வெளிறிய இடங்களை இருட்டாக்கினேன். ஆபீசில் எப்போதும் வைக்கிற மாதிரி ‘இரண்டு பக்கமும்’ என்று வைத்து மொத்தக் கட்டையும் உள்ளே தள்ளினேன். வெற்றுப் பக்கம் இருந்தால் மென்பொருள் தானே தள்ளிவிடும். தலைகீழாக இருந்தால் தானே நிமிர்த்திக்கொள்ளும். நாம் காபி குடித்துவிட்டு வரலாம்.

வந்து பார்த்தால் பிரமாதமாக வந்திருந்தது. இரண்டு பக்கங்களில் மட்டும் ஒரே எழுத்துகள் வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்திருந்தன. மெஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவற்றை அழித்தேன். மற்றதைப் படத்தோடு ஒப்பிட்டு, எழுத்து எழுத்தாகத் திருத்தினேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு, எழுத்தைப் பார்ப்போம், கதைக்குள் போகமாட்டோம். கதைக்குள் போனால் கண் ஓடிவிடும், தப்பு தெரியாது. இதை நான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பே எடுப்பேன்.

கதை இதுதான். ஒரு பெரிய வியாபாரி. இளைய மகனோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுத் துரத்திவிடுகிறார். பல வருடம் பேச்சு இல்லை. கடைசிக் காட்சியில் வேலைக்காரன் வந்து, ‘ஐயா, தபால் வந்திருக்கிறது’ என்கிறான். வியாபாரி கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்:

‘ஐயா, தாங்கள் அனுப்பிய பன்னிரண்டு கண்ணாடி விளக்குகளில் ஏழு மட்டுமே நல்ல நிலையில் வந்து சேர்ந்தன. மற்ற ஐந்தும் வழியிலேயே உடைந்துவிட்டன. உடைந்தவற்றைத் தங்களிடமே திருப்பி அனுப்புவதா, அல்லது இங்கேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்வதா என்று தெரிவிக்கவும். தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.’

இப்படியே இன்னும் முக்கால் பக்கம். உடனே வியாபாரி, ‘போதும். வண்டியைப் பூட்டு. நானே போகிறேன்’ என்று மகனைத் தேடிக் கிளம்புகிறார். நாடகம் முடிகிறது.

ஒத்திகையில் முதல் தடவை இந்தக் கடிதம் வந்தபோது எல்லாரும் கொஞ்சம் முழித்தார்கள். மகனைப் பற்றிய கதையில் கண்ணாடி விளக்கு எங்கிருந்து வந்தது? மாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, உடைந்த விளக்கு என்பது உடைந்த மகன், அந்தக் காலத்திலேயே எவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று நெகிழ்ந்துபோனார். திருவிழா நோட்டீசிலும் இதைப் பற்றி நாலு வரி சேர்த்துவிட்டார். நானும் நன்றாகத் தலையாட்டினேன்.

டிரைவருக்கு அந்தக் கடிதம்தான் உயிர். கன்னட எழுத்துப் பிரதியை ஸ்டியரிங் பக்கத்தில் செருகி வைத்து, வண்டி நிற்கிற இடமெல்லாம் படிப்பார். முதலில் கல்லும் மண்ணுமாக வந்தது. இரண்டு வாரத்தில் தண்ணீராக ஓடியது. மேம்பாலத்தில் ஏறுவதற்குள் பாதி, இறங்குவதற்குள் மீதி. எங்களோடு வருகிற பெண் ஒருத்தி லக்னோ பக்கம், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவளே ‘இன்றைக்கு விளக்கு உடையவில்லையா?’ என்று இந்தியில் கேட்க ஆரம்பித்துவிட்டாள். ‘உடைந்தவற்றைத் திருப்பி அனுப்புவதா’ என்கிற இடத்தில் அவர் குரல் கீழே இறங்கும். வண்டியில் எல்லாரும் போனைக் கீழே வைத்துவிடுவோம்.

நிபந்தனைப்படி ஒரு மாதம் முன்பே மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினார். மாஸ்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திருவிழா வந்தது. சாயங்காலம் ஆறரைக்கு நாடகம். நாலரை மணிக்கு எங்கள் பங்கு ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பழைய கட்டுக்கு ரிப்பன் கட்டி வையுங்கள், எழுதியவரிடமே மேடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். அலுவலகத்தில் உட்கார்ந்து ரிப்பன் கட்டும்போது ஃபேன் காற்றில் ஒரு தாள் புரண்டது. பின்பக்கம். தலைகீழாக, அதே விளக்குக் கடிதம். அதன் தலையில் சிவப்பு மையில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள்: ‘பயிற்சிக் கடிதம். எட்டு நிமிடம். வேகம் போதாது.’

கட்டிய ரிப்பனை அவிழ்த்து மற்ற தாள்களையும் திருப்பினேன். இரண்டு தாள்களின் பின்னால் விரல் பழக அடிக்கிற எழுத்து வரிசை. மீதியெல்லாம் வெற்றுப் பக்கம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படிக்கும்போது, அடித்த தாளை வீணாக்காமல் அதன் மறுபக்கத்தில் நாடகத்தை அடித்திருக்கிறார் அந்தப் பெண். நானோ இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, தலைகீழ்ப் பக்கத்தை நிமிர்த்தி, சிவப்பு மையை மறைத்து, பரீட்சைக்குப் பழகிய வியாபாரக் கடிதத்தை நாடகத்தின் உச்சக்காட்சியில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்! அசல் நாடகத்தில் அந்தத் தாளின் முன்பக்கம் ‘வியாபாரி கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்’ என்பதோடு முடிகிறது, அடுத்த தாள் ‘போதும்’ என்று தொடங்குகிறது, நடுவில் அவருக்கு ஒரு பேச்சும் இல்லை. அவ்வளவுதான்.

ஓடிப்போய் மாஸ்டரிடம் காட்டினேன். அவர் ஆர்மோனியப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் தாளைப் பார்த்தார், அப்புறம் நோட்டீசைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சாகாமல் இருந்ததே பெரிது.

“எழுதினவங்க முன் வரிசையில உக்காரப் போறாங்க. ஒரு வரி மாத்தமாட்டேன்னு வாக்கு குடுத்தவன் நான். கடிதத்தை எடுத்துடலாம். நீங்க பண்ணினது, நீங்களே போய் டிரைவர்கிட்ட சொல்லுங்க” என்றார்.

மண்டபத்தை ஒட்டிய வகுப்பறையில்தான் எல்லாருக்கும் வேஷம் போட்டார்கள், அங்கே போனேன். போகிற வழியில் பார்த்தால், டிரைவருடைய தெருவே ஒரு சரக்கு வேனில் ஏறி வந்து மண்டபத்தில் இடம் பிடித்துக்கொண்டிருந்தது. வகுப்பறைக்குள் அவர் ஜரிகைத் தலைப்பாகையோடு, ஒட்டு மீசையோடு உட்கார்ந்திருந்தார். மனைவி பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கையிலிருந்த கன்னடத் தாளை நாலாக மடித்து மனைவியிடம் கொடுத்தார்.

“அப்ப இன்னாக்கா பண்ணணும்? லெட்டரை வாங்கி, சும்னே பாத்துட்டு நிக்கணும், அவ்ளோதானே?”

“ஆமா தம்பி.”

“அது எனக்குப் பழக்கம்தானேக்கா” என்று சொல்லிச் சிரித்தார்.

மற்ற காட்சிகளில் அவருக்கு வசனம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் மனதை வைத்திருந்தது அந்தக் கடிதத்தில். பத்து வருடம் ஓரமாக நின்றவருக்குக் கிடைத்ததை நான் கொடுத்து, நானே பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆயிற்று. வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

சிறப்பு விருந்தினரிடமே கேட்டுவிடலாம் என்றால், அவரைக் காணோம். ஓசூர் ரோடு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, திரை விலகுகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். நரைத்த தலை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி, கையில் பெரிய பை. ஃபாதர் அவருக்கு வலதுபக்கம், நான் இடதுபக்கம். நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஆள் மகனைத் துரத்துகிற காட்சியில் பிய்த்து உதறினார். அந்த அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

நான் அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். சின்னக் குரலில், தட்டுத் தடுமாறி. பின்பக்கம், பயிற்சித் தாள், விளக்குக் கடிதம், அதை இவர் இத்தனை நாள் படித்தது, இப்போது எடுத்துவிட்டது எல்லாம்.

“கண்ணாடி விளக்கா? பன்னிரண்டு விளக்குல ஏழு மட்டுமேன்னு வருமே, அதுவா?” என்றார். அப்புறம் வாய்க்குள்ளேயே கடிதத்தை முழுசாக முணுமுணுத்தார், விரல்கள் மடியில் தாளம் போட்டன. “எட்டு நிமிஷத்துல அடிக்கணும்மா. நான் பத்து நிமிஷம் ஆக்குவேன். ரெண்டு தடவை ஃபெயில்!”

மடியில் தட்டிய விரல்களை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அவர் எவ்வளவு நேரத்துல படிக்கிறாரு?”

“மூணு நிமிஷம்மா.”

“அப்ப என்னைவிடக் கெட்டிக்காரர்தான். ஓடு, படிக்கச் சொல்லு” என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடினேன். பின்படியில் ஏறி மேடை ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, வேலைக்காரன் ‘ஐயா, தபால் வந்திருக்கிறது’ என்று சொல்லி முடித்திருந்தான். நம் ஆள் கடிதத்தைப் பிரித்துவிட்டார். வெறும் வெள்ளைத் தாள். அதைப் பார்த்தபடி நிற்கிறார். வாய் ‘போதும்’ என்பதற்குத் திறக்கிறது.

திரைக்குப் பின்னாலிருந்து நான் இரண்டு கையையும் விரித்து, புத்தகம் படிக்கிற மாதிரி காட்டி, அப்புறம் முன் வரிசையைக் காட்டி, தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். மாஸ்டர் எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். டிரைவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வெள்ளைத் தாளைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, “ஐயா” என்று ஆரம்பித்தார்.

தினமும் வண்டியில் கேட்ட கடிதம்தான். ஆனால் வண்டியில் எனக்குத் தெரிந்தது அவருடைய பிடரியும், கண்ணாடியில் தெரிகிற இரண்டு கண்ணும் மட்டும். முகம் முழுக்க இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ‘ஐந்தும் வழியிலேயே உடைந்துவிட்டன’ என்றபோது கன்னம் துடித்தது. ‘இங்கேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்வதா’ என்று கேட்டுவிட்டு, அவர் அடுத்த வரிக்குப் போகவில்லை. அந்த மூலை எங்கேயோ தெரிகிற மாதிரி சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், “போதும். வண்டியைப் பூட்டு. நானே போகிறேன்” என்றாரே, ஒக்கலிபுரம் கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. வண்டி ஓட்டுகிறவர் வாயில் அந்த வசனம் வந்தால் பின்னே சும்மா இருப்பார்களா? எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, பக்கத்திலிருந்த தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நாடகம் முடிந்ததும் அந்த அம்மா மேடை ஏறினார். மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டு நேராக டிரைவரிடம் போனார். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

“அந்தக் கடிதத்தை எத்தனை தடவை அடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. எழுத்தைத்தான் பாத்தேன், ஒரு தடவைகூட படிச்சதில்லை போலிருக்கு. நான் எழுதுனப்ப அந்த இடத்துல அப்பா என்ன பேசுவார்னு தெரியாமத்தான் பேசாம விட்டுட்டேன். இனிமே அது நாடகத்துலயே இருக்கட்டும்.”

டிரைவர் குனிந்து கும்பிட்டார், அந்த நேரம் பார்த்து மீசை பாதி பிய்ந்து தொங்கியது. மாஸ்டர் மட்டும் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தான் நோட்டீசில் அன்றே எழுதியதை எல்லாரிடமும் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். அவரை நான் மறுத்துப் பேசவில்லை, பேசுகிற நிலைமையிலும் இல்லை.

மறுநாள் காலை கேப் வந்தது. “குட் மார்னிங் மேடம்” என்றார், எதுவுமே நடக்காத மாதிரி. நான் பின்சீட்டில் ஏறவில்லை, முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். லக்னோ பெண் ஏறியதும் விளக்கு என்னவாயிற்று என்று கேட்டாள். எல்லாம் சேர்ந்துவிட்டது என்று அவரே இந்தியில் சொன்னார். அடுத்த வருடத்திலிருந்து அவருக்கு ஒவ்வொரு நாடகத்திலும் வசனம் உண்டு. அவருக்காக ஆரம்பித்த கன்னட எழுத்துப் பிரதியை இப்போது பாடற்குழுவில் ஐந்தாறு பேர் வாங்கிக்கொள்கிறார்கள், எல்லாரும் தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத நம் ஆட்கள்தான்.

ஆபீசில் இப்போது எந்தக் கட்டு வந்தாலும், மெஷினில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் கையால் திருப்பிப் பார்க்கிறேன், எழுத்தைத் திருத்துவதற்கு முன் ஒருமுறை மனிதர் படிக்கிற மாதிரி படித்தும் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன், என் பழைய வகுப்பை ரத்து செய்துவிட்டேன். ஆனாலும், அந்தச் சனிக்கிழமை ‘ஒரு பக்கம் மட்டும்’ என்று நான் சரியாக வைத்திருந்தால் அவருக்கு அந்த மூன்று நிமிடம் கிடைத்தே இருக்காது என்று நினைக்கும்போது, என் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளிலேயே வெட்கப்படாமல் சொல்லிக்கொள்ளக்கூடிய தவறு அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.